இணைப்பில் காத்திருக்கவும்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை 8.30: பதிவிறக்க வேகம் 4.1 மெகாபிட். மாலை 5.30: 2.7. ஒப்பந்தப்படி இணைய நிறுவனம் தர வேண்டியது 50.

இந்த அளவீட்டை இன்று முதல் நாள்தோறும் இரு வேளையும் எடுத்து, நாட்குறிப்பில் கலக்காமல் இந்தத் தனிக் குறிப்பேட்டில் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். வானிலை நோக்ககத்தில் 31.05.2010 அன்று ஓய்வு பெறும்வரை, முப்பத்தாறு ஆண்டுகள், இதே இரு வேளைகளில்தான் மழைமானியையும் வெப்பமானியையும் பார்த்து எழுதினேன். கருவி மாறியிருக்கிறது. எழுதும் கை அதேதான்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரில் 'அதிவேகம்' என்ற சொல் இருப்பதை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

அளவீட்டுக்கான காரணத்தையும் முறைப்படி பதிவு செய்கிறேன். என் மனைவி செண்பகவல்லிக்கு மே 14, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.52 மணிக்கு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டது. வலக்கை தளர்ந்தது. பேச்சு போயிற்று. நாம் சொல்வது புரிகிறது. பதிலுக்குச் சொல் வருவதில்லை. 'ஆமா', 'அது' என்ற இரண்டு சொற்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சிக்கு ஆட்டோவில் இரண்டு முறை அழைத்துச் சென்றோம். இரண்டு முறையும் வழியிலேயே வாந்தி எடுத்தாள். ஆகவே எங்கள் மகள் ஆவுடை பெங்களூரிலிருந்து வந்து, மடிக்கணினி ஒன்றைப் பொருத்தி, திருச்சியில் உள்ள நஸ்ரின் என்ற பேச்சுப் பயிற்சியாளரை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். செவ்வாய், வெள்ளி, முற்பகல் 11 முதல் 11.45 வரை, திரை வழியாக.

முதல் ஆறு மாதங்களில் திரும்பி வருவதுதான் பெரும்பாலும் வரும், அதற்குப் பிறகு மெதுவாகிவிடும் என்றார் நரம்பியல் மருத்துவர். ஆறு மாதம் நிறைவது நவம்பர் 14, வியாழக்கிழமை. இன்றிலிருந்து எழுபத்திரண்டு நாட்கள். இன்றையதையும் சேர்த்து இருபத்தொரு அமர்வுகள்.

இன்றைய அமர்வில் படம் ஒன்பது முறை உறைந்து நின்றது.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை 3.8. மாலை 3.0.

நஸ்ரின் பட அட்டைகளைக் காட்டினார். பூட்டு, குடை, தேங்காய். குடை பாதி வந்தபோது திரை நின்று, நடுவில் வட்டம் சுழலத் தொடங்கியது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. படம் மீண்டதும் நேரம் வீணாகக் கூடாது என்று நானே "குடை" என்றேன்.

"ஐயா, நீங்க சொல்லக் கூடாது."

"அவளுக்குத் தெரியும்மா. சொல்ல வரலை, அவ்வளவுதான்."

"அதைத்தான் வரவைக்கணும். அவங்க வாயில இருந்து."

இப்பெண்ணுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். திறமைசாலி. ஆனால் கையில் இருக்கும் நாற்பத்தைந்து நிமிடத்தில் பதினான்கு நிமிடத்தை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

காலை 4.4. மாலை அளவிட இயலவில்லை, இணைப்பே இல்லை.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது, சுவர்களும் பழையவை, கனமானவை. கைபேசியில் பேசுவதென்றால் கூடத்தில் தெருப்பக்க ஜன்னலருகே நின்றுதான் பேச முடியும். அதிலும் இடது ஓரம். ஓரடி நகர்ந்தாலும் அழைப்பு அறுந்துவிடும். அங்கே நின்று இருபத்தாறு நிமிடம், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. இணைப்பில் காத்திருக்கவும்" என்பதைக் கேட்டேன். நடுவில் புல்லாங்குழல்.

செண்பகம் அறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி நடந்து வந்து, நிலைப்படியருகே நின்றாள். இடது கையை உயர்த்தி உள்ளங்கையை எனக்குக் காட்டினாள். தாகம் போலும். அழைப்பை விட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

காலை 2.2. மாலை 6.0 (பழுதுபார்த்த பின்).

இம்மாதத்தின் ஐந்தாவது புகாருக்குப் பிறகு லைன்மேன் வந்தார். மிக்கேல் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். முன்பு கேபிள் டிவிக்கு வயர் இழுத்தவர். கம்பி எங்கள் வீட்டுக்கு வரும் பாதையை அப்போதுதான் நேரில் பார்த்தேன். தெருமுனை மின்கம்பம், அங்கிருந்து மாவு மில்லின் தகரக் கூரை, பக்கத்து வீட்டு முருங்கை மரம், பிறகு எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவர்.

"முருங்கை மரத்துலயா கட்டிருக்கிய?"

"தற்காலிகமாக் கட்டுனது சார்."

"எப்ப?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல."

குறையை விளக்கும்படி கேட்டேன். ஏணியிலிருந்தபடியே விளக்கினார். "மழை பெஞ்சா லைன் போயிரும் சார். வெயில் அடிச்சா ஜாயிண்ட் விட்டுரும். காத்தடிச்சா மரம் ஆடும், மரம் ஆடுனா படம் ஆடும். அணிலு வேற கடிக்கும். மத்தபடி நல்ல லைன்."

வேறு நிறுவனம் இந்தத் தெருவுக்கு வருமா என்று கேட்டேன். "வரும் சார். அவனும் இதே மரத்துலதான் கட்டணும்" என்றார்.

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. மே மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. எந்தச் சொல்லும் தேவைப்படாத சிரிப்பு.

செப்டம்பர் 13, வெள்ளி

காலை 5.1. மாலை 4.9. அமர்வில் ஏழு முறை நின்றது.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலை 1.4. அமர்வு நடைபெறவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலை 4.6. மாலை 4.0.

பூட்டின் படத்தைப் பார்த்து செண்பகம் உதடுகளைக் கூட்டினாள். 'பூ' என்ற ஒலி வரும் நிலை. நஸ்ரின் தன் கையை உயர்த்தி என்னைப் பேசாதிருக்கச் சொன்னார். நான் பேசவில்லை. சரியாக அந்தக் கணத்தில் திரை நின்றது. சுழலும் வட்டம். இருபத்தெட்டு விநாடிகள். படம் திரும்பியபோது செண்பகம் வாயை மூடிவிட்டிருந்தாள். நான் "பூட்டு" என்றேன்.

நஸ்ரின் பூட்டு அட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த வட்டம் சுத்துறப்ப எவ்வளவு பொறுமையா உக்காந்திருக்கீங்க, ஐயா!" என்றார்.

இதில் கிண்டல் இருந்ததா என்பது ஒலித்தரம் காரணமாகத் தெளிவாகவில்லை. புகார் எண் பெற்றுக்கொண்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

காலை 3.3. மாலை 3.1.

செண்பகம் வீட்டில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்கள் பத்து எழுதி அனுப்பும்படி நஸ்ரின் கேட்டார். பழகிய வாக்கியம் பட அட்டையைவிட எளிதில் வருமாம். எளிய வேலை. என்னிடம் நாற்பத்தோரு ஆண்டு நாட்குறிப்புகள் உள்ளன. ஒன்றுவிடாமல், ஆண்டுவாரியாக, அலமாரியில்.

செண்பகம் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும் குரல் அது. வீட்டிலும் அதே அளவில்தான் பேசுவாள். நான் மழையளவைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது பேசிக்கொண்டே பூண்டு உரிப்பாள்.

மதியம் இரண்டு மணி தொடங்கி ஆறு மணிவரை தேடினேன். கிடைத்தவை:

19.11.1992: மழை 164.2 மி.மீ. இரவு செண்பகம் நீண்ட நேரம் பேசினாள்.

02.06.1998: அனல் காற்று. பள்ளி விஷயமாக செண்பகம் மிகவும் பேசினாள்.

26.12.2004: செண்பகம் அழுதபடி ஏதோ சொன்னாள்.

08.03.2017: தலைவலி. செண்பகத்தின் பேச்சு காரணம்.

என்ன பேசினாள் என்பது எங்கும் இல்லை. நாற்பத்தோரு ஆண்டுகளில் ஒரு வாக்கியம்கூட இல்லை.

நினைவிலிருந்து எழுத முயன்றேன். "கேட்டியளா?" என்பது ஒன்று. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அதைச் சொல்வாள். மற்ற ஒன்பதும் கிடைக்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலை 4.0. மாலை 3.7.

அந்த ஒரே வாக்கியத்தை நஸ்ரினிடம் கொடுத்தேன். "பரவாயில்ல ஐயா, இது நல்ல வாக்கியம்" என்றார். செண்பகத்தை அதைச் சொல்லச் சொன்னார். செண்பகம் என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை.

இனி ஒரு விதி என்றார் நஸ்ரின். அவளிடம் ஏதேனும் கேட்டால், மனத்துக்குள் இருபது எண்ணும்வரை நான் உதவக் கூடாது. நான் எண்ணுவதில் பயிற்சி உள்ளவன் என்று தெரிவித்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை 4.2. மாலை 2.9.

காப்பியா, பாலா என்று செண்பகத்திடம் கேட்டுவிட்டு எண்ணினேன். ஒன்பதில் "காப்பிதானே?" என்று சொல்லிவிட்டேன். "ஆமா" என்றாள். குடிக்காமல் ஆறவிட்டாள்.

மாலையில் சேவை மையத்தை அழைத்து முப்பத்தொரு நிமிடம் காத்திருந்தேன். எழுபத்துநான்கு வயதில் நின்றபடி. மறுபடியும் செண்பகம் நிலைப்படியில் வந்து உள்ளங்கையைக் காட்டினாள். தண்ணீருக்கு இல்லை. கழிப்பறைக்கும் இல்லை, கேட்டேன். நான் ஜன்னலருகே தொலைபேசியில் நிற்கும் போதெல்லாம் இதைச் செய்கிறாள் என்று தோன்றுகிறது. இதைப் பற்றி மேற்கொண்டு எழுத இன்று நேரமில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை 0. மாலை 0.

பருவமழை. இரவு முழுவதும் கொட்டியது. மாடியில் வைத்திருக்கும் என் சொந்த மழைமானியில் 71 மி.மீ. முருங்கை மரம் முறிந்து கம்பியோடு தெருவில் கிடக்கிறது. மிக்கேலை அழைத்தேன். "சார், ஊர் பூரா தண்ணி. எங்க ஆபீஸே தண்ணிக்குள்ள கிடக்கு" என்றார்.

அக்டோபர் 18, வெள்ளி

0. அமர்வு நடைபெறவில்லை. இன்னும் இருபத்தேழு நாட்கள்.

பட அட்டைகளை அச்சிட்டு நானே பயிற்சி கொடுத்தேன். பத்து அட்டை. செண்பகம் நான்காவது அட்டையில் கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். அட்டைகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைத்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

மாலை 3.5.

மிக்கேல் வந்து கம்பியை இப்போதைக்கு மாவு மில் கூரையிலிருந்து நேராக இழுத்துக் கட்டினார். நான் கேட்டிருந்த ஆவணத்தையும் அலுவலகத்திலிருந்து வாங்கி வந்தார். இவ்வாண்டு ஜனவரி முதல் நான் செய்த புகார்கள் அனைத்தின் அச்சுப் பட்டியல், அழைப்புத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் உட்பட. நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அனுப்புவதற்காகக் கேட்டிருந்தேன்.

"மூணு பக்கம் வந்துட்டு சார். எங்க மேனேசரே பாத்து அசந்துட்டாரு. இந்த மாதிரி ஒரு கஸ்டமர் இருந்தா நாங்க திருந்திருவோம்னாரு."

"எப்பத் திருந்துவிய?"

"அது சொல்லல சார்."

பட்டியலைப் படித்தேன். மொத்தம் முப்பத்தெட்டு அழைப்புகள். துல்லியமான பட்டியல். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஆணையத்துக்கு அனுப்பும் எண்ணத்தை ஒத்திவைக்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

காலை 3.9.

மருத்துவருக்கு அனுப்பும் மீளாய்வுப் படிவத்தை நஸ்ரின் திரையில் நிரப்பினார்.

"நோய் வந்த நேரம் பதினொண்ணு அம்பத்திரண்டு. சரியா ஐயா?"

"ஆமாம்."

"அதுக்கு முன்னாடி அம்மா கடைசியா நல்லா பேசுனதை நீங்க எத்தனை மணிக்குக் கேட்டீங்க?"

நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் திரை நின்றது. வட்டம் சுழன்றது. பிறகு இணைப்பு முற்றிலும் போய்விட்டது. அமர்வு அதோடு முடிந்தது.

இன்று புகார் செய்யவில்லை.

அக்டோபர் 30, புதன்

அளவீடு எடுக்கவில்லை.

ஆவுடை தீபாவளிக்கு வந்திருக்கிறாள். மடிக்கணினியின் உத்தரவாதச் சீட்டு எங்கே என்று கேட்டாள். மேசை இழுப்பறையில் என்றேன். சாவியையும் நான்தான் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் கொடுத்தேனா என்பதை இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

சிறிது நேரம் கழித்து பட்டியலோடு கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, இது என்ன, மே பதினாலு?"

"புகார்ப் பட்டியல்."

"அது தெரியுது. பதினொண்ணு அஞ்சுக்கு ஆரம்பிச்சு பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு முடிஞ்சிருக்கு. நாப்பத்தேழு நிமிசம். அன்னைக்கு நீங்க போன்லயா நின்னிய?"

"ஆமா."

"அம்மா எங்க இருந்தா?"

"அந்த நிலைப்படிகிட்ட நின்னா."

"எப்பம்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எப்பம் வந்து நின்னா, அப்பா? டாக்டர்ட்ட பதினொண்ணு அம்பத்திரண்டுன்னுல்லா சொன்னிய. ஒவ்வொரு நிமிசமும் முக்கியம்னு அந்த ஆளு தலையில அடிச்சுக்காத குறையா கேட்டாரே. நீங்களா அப்பா? மழை அரை மில்லி கூடிட்டா திருப்பி அளக்கிற ஆளா?"

அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். முறுக்கு பிழியும் ஓசை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. செண்பகம் கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நவம்பர் 2, சனி

காலை 4.5.

ஆவுடை காலைப் பேருந்தில் புறப்பட்டாள். சண்டை இல்லை. "மாத்திரையை மறந்துராதிய" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வாண்டு நாட்குறிப்பில் மே 14-ஆம் நாளின் பக்கம் வெற்றாக இருக்கிறது. நாற்பத்தோரு ஆண்டுகளில் எழுதாமல் விட்ட ஒரே பக்கம். இன்று அதை நிரப்பினேன். அங்கே எழுதியதை இங்கேயும் படியெடுக்கிறேன்.

"மே 14, செவ்வாய். வானம் தெளிவு. காலை 11 மணிக்குச் செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்க்க முயன்றேன். திறக்கவில்லை. பணியில் இல்லாத ஒருவன் மேகப் படம் பார்க்காவிட்டால் எவருக்கும் நட்டமில்லை. 11.05-க்கு சேவை மையத்தை அழைத்தேன். வரிசையில் ஏழாவது இடம் என்றார்கள். 11.10 அல்லது 11.11 அளவில் செண்பகம் அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். நகர்ந்தால் அழைப்பு அறுந்துவிடும், மறுபடி ஏழாவது இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினேன். பொறு என்று. அவள் பொறுத்தாள். நிலைப்படிக்கு அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மீண்டும் ஒருமுறை ஏதோ ஒலி எழுப்பினாள். நான் திரும்பாமலே மறுபடியும் கையைக் காட்டினேன். 11.52-க்கு ஒரு பெண்குரல், 'வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?' என்றது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மருத்துவரிடம் 11.52 என்று சொன்னேன். நான் பார்த்த நேரம் அதுதான். அது தொடங்கிய நேரம் அதுவல்ல."

நவம்பர் 5, செவ்வாய்

காலை 4.1.

அமர்வு தொடங்கியதும் மேற்கண்டதை நஸ்ரினுக்குப் படித்துக் காட்டினேன். செண்பகம் பக்கத்தில் இருந்தாள். படித்து முடித்து நிமிர்ந்தபோது நஸ்ரினின் முகம் அசைவற்று இருந்தது. திரை உறைந்துவிட்டதா, அவர்தான் அசையாமல் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு அவர் இமைத்தார்.

"டாக்டர்ட்ட நேரத்தைத் திருத்திச் சொல்லிடுங்க ஐயா. ஃபைல்ல சரியா இருக்கணும்."

"சொல்றேன். அப்பவே சொல்லியிருந்தா இவளுக்குப் பேச்சு வந்திருக்குமாம்மா?"

"அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

இதைவிட மென்மையான பதிலை எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"ஒண்ணு செய்யுங்க" என்றார். "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்கன்னு அம்மாகிட்டயே கேளுங்க. கேட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"கேளுங்க. கேட்டுட்டு எண்ணுங்க. அதுக்கு இருபது பத்தாது."

செண்பகம் இடது கையை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்தபடி இருந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

காலை 3.6. அமர்வில் ஆறு முறை நின்றது. நான் இன்னும் கேட்கவில்லை.

நவம்பர் 9, சனி

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நேரத்தைத் திருத்தச் சொன்னேன். "சரி, குறித்துக்கொள்கிறேன்" என்றார். அவ்வளவுதான். நாற்பத்திரண்டு நிமிடத்தைத் திருத்துவதற்கு ஒரு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று.

நவம்பர் 12, செவ்வாய்

காலை 48.6. நான்கு முறை அளந்து சரிபார்த்தேன். 48.6.

மிக்கேல் நேற்று மாலை புதிய கம்பி இழுத்துவிட்டுப் போயிருந்தார். மரத்தில் இல்லை, கூரையிலும் இல்லை. மூன்று புதிய கம்பங்கள். "இனிமே நீங்க கூப்பிட மாட்டிய சார். எனக்குத்தான் பொழுது போவாது" என்றார்.

இன்றைய அமர்வில் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. நஸ்ரினின் பின்னால் சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள் நகர்வதுகூடத் தெரிந்தது. முழு நாற்பத்தைந்து நிமிடம். பூட்டு, குடை, தேங்காய், விளக்கு, செருப்பு. ஒவ்வொன்றுக்கும் நான் வாய் திறக்காமல் இருந்தேன். செண்பகம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

குறை சொல்ல இனி எவரும் இல்லை. மாலை அளவீடு எடுக்கக் கணினியைத் திறந்தேன். எடுக்காமல் மூடினேன்.

நவம்பர் 14, வியாழன்

இன்று ஆறு மாதம் நிறைகிறது.

நிலைப்படியருகே செண்பகத்தின் நாற்காலியைப் போட்டேன். எதிரில் எனக்கொரு முக்காலி. கைபேசியை ஜன்னலோரத்திலேயே விட்டுவிட்டேன். இந்தக் குறிப்பேட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன், நேரம் குறிப்பதற்காக.

11.05. கேட்டேன். "செண்பகம், அன்னைக்கு நீ வந்து நின்னியே, என்ன சொல்ல வந்தே?"

11.06. இருபது தாண்டிவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

11.13. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துவிட்டாள். ஒன்றுமில்லை.

11.20. கைபேசி ஒலித்தது. நிறுவனமாகத்தான் இருக்கும். புதிய இணைப்பு திருப்தியாக இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அது ஒலித்து முடியும்வரை செண்பகம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினாள். இம்முறை அது எனக்கா, கைபேசிக்கா என்று தெரியவில்லை. பொறு என்பது மட்டும் தெரிந்தது. "பொறுக்கேன்" என்றேன்.

11.34. 'த' என்பது போல ஒரு ஒலி. தலையா, தண்ணீரா? எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் என் வாய்க்குள் வந்து நிற்கின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

11.41. மறுபடியும் கைபேசி. எடுக்கவில்லை.

11.52. அவள் இன்னும் சொல்லவில்லை. கையை இறக்கவும் இல்லை. தோள் நடுங்குகிறது, ஆனாலும் இறக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அவள் கண் என் முகத்தில் இல்லை, பேனாவின்மேல் இருக்கிறது.

எழுதிக்கொண்டே இருப்பவனிடம் அவள் எப்படிப் பேசுவாள்? குறிப்பேட்டை மூடுகிறேன்.